கணிப்பொறி முதுகலை: நுழைவதும் முடிப்பதும்

இளங்கலை மூன்றாம் ஆண்டின் கடைசிப் பருவம் தொடங்கிவிட்டால் எங்கள் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தின் வாயிலில் ஒரு கேள்வி வந்து நிற்கும். “அண்ணா, எம்.எஸ்ஸி. சேர்வதா, எம்.சி.ஏ. சேர்வதா?” என்பதே அது. கேட்பவர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தவராயின் அடுத்த கேள்வியும் உடன் வரும். “பேசாமல் ஷூ கம்பெனிக்கே போய்விடட்டுமா?”

இரண்டாவது கேள்வியை எவரும் விளையாட்டாகக் கேட்பதில்லை. வீட்டில் அண்ணனோ அக்காளோ கம்பெனியில் இருப்பார். ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த மாதமே வேலை. படிப்போ இன்னும் இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டு வீணாகாது என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும். அப்படி உறுதி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டு எங்கெங்கே வீணாகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். படிக்க முடியாமல் வீணாக்கியவர்கள் சிலரே. விதியைப் படிக்காமல் வீணாக்கியவர்கள்தாம் பலர்.

விதிகள் ஓரிடத்தில் இல்லாததே இதற்குக் காரணம். சேரும்போது கேட்கப்படும் தகுதி ஒன்று. படித்து முடித்துப் பட்டம் பெறக் கேட்கப்படும் தகுதி மற்றொன்று. அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு விரிவுரையாளர் வேலைக்கோ அரசு வேலைக்கோ போய் நிற்கும்போது கேட்கப்படும் தகுதி மூன்றாவது. இம்மூன்றையும் வெவ்வேறு அமைப்புகள் எழுதுகின்றன. எம்.சி.ஏ.வுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, எம்.எஸ்ஸி.க்குப் பல்கலைக்கழகமும் பல்கலைக்கழக மானியக் குழுவும். வேலைக்கு மாநில அரசு. ஒன்றில் தேறியவர் மற்றொன்றிலும் தேறியவராவார் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே கடைசி வாயிலில் என்ன கேட்பார்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வந்து முதல் வாயிலில் நுழைவதே அறிவுடைமை. நான் அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் இக்கட்டுரை இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும்.

இரு பட்டங்கள்

எம்.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல், கலை அறிவியல் கல்லூரிக்குரிய பட்டம். நான்கு பருவங்கள், இரண்டு ஆண்டுகள். நம் பகுதியில் இதனை வழங்குவது திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2002ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தோன்றி, இன்று சேர்க்காட்டு வளாகத்திலிருந்து வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகளைப் பார்த்துக்கொள்கிறது. இதில் சேரப் பொதுவாகக் கேட்கப்படுவது பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல், பி.சி.ஏ., பி.எஸ்ஸி. தகவல் தொழில்நுட்பம் போன்ற ஒரு பட்டம். இங்கேயே முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. பி.காம். (கணிப்பொறிப் பயன்பாடு) படித்தவர் தம் பட்டத்தின் பெயரிலேயே கணிப்பொறி இருக்கிறதே என்று நம்பி வருவார். அது வணிகவியல் பட்டம். அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கொண்டு எம்.எஸ்ஸி. கதவு பொதுவாகத் திறப்பதில்லை.

அத்தகையோருக்காகவே எம்.சி.ஏ. பிறந்தது எனலாம். கணிப்பொறி படித்தவர் நாட்டில் மிகக் குறைவாக இருந்த நாளில், கணிதமோ இயற்பியலோ வணிகமோ படித்த பட்டதாரியை எடுத்து, மூன்று ஆண்டுகளில் கணிப்பொறியாளராக்கி அனுப்புவதே அதன் நோக்கம். பின்னர் பி.சி.ஏ. பெருகியது. அவர்களுக்கு முதலாண்டுப் பாடம் படித்த பாடமாகவே இருந்ததால் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் 2020-21ஆம் கல்வியாண்டு முதல் எம்.சி.ஏ.வே இரண்டு ஆண்டுப் படிப்பாகச் சுருக்கப்பட்டது. பி.சி.ஏ. மாணவருக்கு இதில் இழப்பில்லை. பி.காம்., பி.ஏ., பி.எஸ்ஸி. வேதியியல் படித்து வருபவருக்குத்தான் ஓராண்டு கைவிட்டுப் போயிற்று. அந்த ஓராண்டுப் பாடத்தை இணைப்புப் பாடங்கள் என்ற பெயரில், மற்றப் பாடங்களுக்கு நடுவே, மூச்சுவிட நேரமில்லாமல் அவர் படிக்க வேண்டும். எனக்கு இந்த மாற்றம் உவப்பானதன்று. மூன்றாண்டு எம்.சி.ஏ., வேறு துறையிலிருந்து வருபவனுக்குத் தரப்பட்ட நீண்ட ஏணி. இப்போது இருப்பது சில படிகளைக் கழற்றிய ஏணி. ஆயினும் ஏணி இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இரண்டு ஆண்டாகச் சுருக்கியபோது வகுத்த தகுதி இதுதான்: பி.சி.ஏ. அல்லது கணிப்பொறிப் பட்டம் அல்லது அதற்கு இணையான பட்டம். அல்லது, மேல்நிலைப் பள்ளியிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருந்த பி.எஸ்ஸி., பி.காம்., பி.ஏ. பட்டம். மதிப்பெண் குறைந்தது 50 விழுக்காடு. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு. சொற்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்றே மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் குறிப்பேட்டில் உள்ளதே சட்டம். சென்ற ஆண்டு சேர்ந்த அண்ணன் சொல்வது சட்டமன்று.

கணக்கு என்னும் கதவு

“நிரல் எழுதப் போகிறவனுக்குக் கணக்கு எதற்கு?” என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். நானும் சலித்துக்கொண்டவன்தான். என் தந்தையார் வேலை செய்யும் தோல் ஷாப்பில் ஒரு நாள் அந்தச் சலிப்பு தீர்ந்தது.

அவர் செலக்‌ஷன் மேசையில் நிற்பவர். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, முள் கீறல், உண்ணிக் கடி, கத்திக் காயம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். அன்று ஆயிரம் தோல் வந்திருந்தது. அவற்றைத் தரவாரியாக ஒரே வரிசையில் அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தோலையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் எத்தனை ஒப்பீடு? ஆயிரத்தைத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும்: 4,99,500. ஏறத்தாழ ஐந்து லட்சம். அதையே இரண்டிரண்டாக அடுக்கி, அவற்றை நான்காகச் சேர்த்து, நான்கை எட்டாகச் சேர்த்து, இப்படியே வரிசைப்படுத்திய அடுக்குகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போனால், பத்துச் சுற்றில் வேலை முடிந்துவிடும். ஒரு சுற்றுக்கு அதிகம் போனால் ஆயிரம் ஒப்பீடு. ஆகப் பத்தாயிரத்துக்குள். ஐந்து லட்சம் எங்கே, பத்தாயிரம் எங்கே! கருவி மாறவில்லை, ஆள் மாறவில்லை. முறை மட்டுமே மாறியது. அந்தப் ‘பத்துச் சுற்று’ எங்கிருந்து வந்தது என்றால், இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 வருகிறது என்பதிலிருந்து. இதற்குப் பெயர் மடக்கை. பதினோராம் வகுப்பில் மடக்கையைப் பார்த்து மிரண்டவர்களுள் நானும் ஒருவன்.

இதை அப்பாவிடம் சொன்னேன். “நாங்க முதல்ல மூணு குவியலாப் போட்டுட்டு, அப்புறம் குவியலுக்குள்ளே பிரிப்போம், அது உன் கணக்குல வருமா?” என்று கேட்டார். வரும், அதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதற்கும் பாடத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவருக்கு அது புதிய செய்தியாகத் தோன்றவில்லை.

முதுகலையில் வரும் கணிதம் பெரும்பாலும் இவ்வகையானது: கணங்கள், தருக்கம், வரைகோலங்கள், நிகழ்தகவு, எண்ணும் முறைகள். இந்தியாவில் கணிப்பொறி முதன்முதலாகக் குடிபுகுந்த இடங்களுள் ஒன்று, 1950களின் நடுவில், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கதவைக் கணக்கு காத்து நிற்பதில் வியப்பில்லை. நுழைவுத் தேர்வுகளிலும் இதே நிலைதான்.

நுழைவுத் தேர்வுகள்

அரசுக் கலைக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. சேர நுழைவுத் தேர்வு இல்லை. இளங்கலையில் பகுதி மூன்றின் மதிப்பெண்ணைக் கொண்டு, அதாவது முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும் சேர்ந்த மதிப்பெண்ணைக் கொண்டு, தர வரிசை போடுகிறார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்கள் வாங்கிய உயர்ந்த மதிப்பெண் இங்கே கணக்கில் வராது. இடங்கள் மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டு முறைப்படி நிரப்பப்படும்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதம் 31 பொது. ஒரு வகுப்புக்கு இருக்கும் இடமே சொற்பம் என்பதால் சில பிரிவுகளுக்கு ஓரிரு இடம்கூடத் தேறுவதில்லை.

எல்லைக்கு அப்பால் குப்பத்திலோ திருப்பதியிலோ இளங்கலை முடித்துவிட்டு இங்கே வருபவர்கள் நம் மாவட்டங்களில் நிறைய உண்டு. அவர்கள் தம் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து இடப்பெயர்ச்சிச் சான்றும், இங்குள்ள பல்கலைக்கழகத்திலிருந்து தகுதிச் சான்றும் பெற வேண்டும். இதைச் சேர்ந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முதற்பருவத் தேர்வின் நுழைவுச் சீட்டு வரும்போது தெரியும்.

எம்.சி.ஏ.வுக்குத் ‘டான்செட்’ என்னும் பொது நுழைவுத் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. வேலூரிலும் மையம் இருப்பது நமக்கு வசதி. இரண்டு மணி நேரம், நூறு வினா. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. அறுபது சரி, முப்பது தவறு, பத்து விட்டது என்றால் கையில் நிற்பது ஐம்பது. மூன்று தவறு ஒரு சரியைத் தின்றுவிடுகிறது. எனவே முற்றிலும் தெரியாத வினாவில் கை வைக்காமல் இருப்பதும் ஒரு திறமை. தேர்வுக்குப் பின் நடக்கும் கலந்தாய்வைப் பல ஆண்டுகளாகக் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி பொறுப்பேற்று நடத்தி வந்துள்ளது. காட்பாடியிலுள்ள வி.ஐ.டி. போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தமக்கெனத் தனித் தேர்வு வைத்துக்கொள்கின்றன; அங்கே தேர்வைவிடக் கட்டணமே பெரிய சோதனை.

கணிதத்தில் கை தேர்ந்தவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்ல விரும்புகிறேன், நம் கல்லூரிகளில் இவற்றைப் பற்றிப் பேசுவார் இல்லை என்பதால். ஒன்று, திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம். அங்கு எம்.சி.ஏ. இன்னும் மூன்று ஆண்டுதான். ‘நிம்செட்’ என்னும் அகில இந்தியத் தேர்வு எழுத வேண்டும். பட்டப்படிப்பில் கணிதம் அல்லது புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 55. அண்மை ஆண்டுகளில் அத்தேர்வின் 1,000 மதிப்பெண்ணில் 600 கணிதத்துக்கே போய்விடுகிறது. கணிப்பொறிக்கு 120தான்! கணிப்பொறிப் பட்டத்துக்கான தேர்வில் இப்படியா என்று கேட்கத் தோன்றும். மேலே சொன்ன ஆயிரம் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம். அங்கே எம்.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் உண்டு. அவர்களே தேர்வு நடத்துகிறார்கள். பட்டத்தின் பெயரைக் காட்டிலும் தேர்வுத்தாளில் நீங்கள் நிறுவிக் காட்டுவதைத்தான் பார்க்கிறார்கள். மனப்பாடம் அங்கே செல்லாது.

உள்ளே வந்த பின்

சேர்ந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைக்கிறோம். மீதிப் பாதிக் கிணற்றின் பெயர் வருகைப் பதிவு.

ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று கொண்டால் 75 விழுக்காடு என்பது 68 நாள். 22 நாள் வராமல் இருக்கலாம். அதற்குக் கீழே போய், 65 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், தக்க காரணம் காட்டி, ‘காண்டனேஷன்’ கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே, 50 வரை இருந்தால், அந்தப் பருவத் தேர்வை அப்போது எழுத முடியாது. அடுத்த பருவத்துக்குப் போய்ப் பின்னர் எழுத வேண்டும். 50க்கும் கீழென்றால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும். பொதுவான விதி இதுவே.

முதலாண்டில் இரண்டாம் பருவத்தில் என் வருகை 64 நாள். ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றுமதித் தேதி நெருங்கினால் ஷிப்டு முடியும் நேரத்துக்கு முடியாது. ஆம்பூரில் காலை ரயிலை விட்டால் காட்பாடி வந்து இறங்கி, பேருந்து பிடித்து, கல்லூரி சேர்வதற்குள் முதல் இரண்டு மணி போய்விடும். அரை நாள் விடுப்பு என்று பதிவேட்டில் ஏறும். இரண்டு அரை நாள் ஒரு நாள். இப்படித்தான் நான்கு நாள் குறைந்தது. ஒரு நாள்கூட நான் முழுதாக வீட்டில் படுத்துக்கிடக்கவில்லை என்பதை எவரிடம் சொல்வது? கட்டணம் கட்டினேன். நான்கு நாளுக்கு நான் கட்டியது பெரிய தொகையன்று. ஆனால் தேர்வு எழுத முடியுமா முடியாதா என்று தெரியாமல் கழிந்த அந்த இரண்டு வாரத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்க ஓடவில்லை. வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை: மாதக் கடைசியில் சம்பளத்தை எண்ணுவது போல வருகையையும் எண்ணுங்கள். துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

தேர்வுக்கு வருவோம். ஒரு தாளுக்கு நூறு மதிப்பெண்: அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தேற வேண்டுமானால் எழுத்துத் தேர்வில் பாதி, அதாவது 75க்கு 38; இரண்டும் சேர்ந்து 50. இளங்கலையில் 40க்குப் பழகிய கை முதற்பருவத்தில் இந்த 50இல் இடறுகிறது. அகமதிப்பீட்டில் 25க்கு 23 வாங்கிவிட்டு எழுத்தில் 34 எடுத்தால் கூட்டுத்தொகை 57, ஆனாலும் தோல்விதான். இது புரியாமல் மதிப்பெண் பட்டியலில் பிழை என்று விண்ணப்பம் எழுதிய நண்பர் ஒருவர் உண்டு.

நான்கு பருவத்திலும் சேர்த்து 90க்கு மேற்பட்ட தகுதிப்புள்ளிகளை நிறைவு செய்ய வேண்டும். தாள்கள் போக, நான்காம் பருவத்தில் ஆய்வுத்திட்டமும் வாய்மொழித் தேர்வும். நகரத்தில் காசுக்கு ஆய்வுத்திட்டம் செய்து தரும் இடங்கள் இருக்கின்றன என்பதை விரிவுரையாளர்களும் அறிவர், நாமும் அறிவோம். அங்கே வாங்கியதை வைத்துக்கொண்டு வாய்மொழித் தேர்வில் விழிப்பதைவிட, சிறியதாயினும் சொந்தமாகச் செய்வது நன்று. நான் எடுத்துக்கொண்டது, ஒரு ஜோடி ஷூவின் தோல் எந்த லாட்டில், எந்த ஷாப்பிலிருந்து வந்தது என்று பின்தொடரும் நிரல். வெளிநாட்டு வாங்குவோர் இன்று இதைக் கேட்கிறார்கள். நிரல் சாதாரணமானது. ஆனால் ஒரு தோல் இரண்டாகப் பிளக்கப்பட்டு இரண்டு லாட்டில் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று தேர்வாளர் கேட்டபோது, அதற்கு என்னிடம் விடை இருந்தது. ஏனெனில் அது என் வீட்டில் தினமும் பேசப்படும் விஷயம்.

ஐம்பதும் ஐம்பத்தைந்தும்

இக்கட்டுரை முழுவதிலும் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமுள்ளவர் இதைப் படிக்கட்டும்.

பட்டம் பெற 50 விழுக்காடு போதும். கல்லூரி விரிவுரையாளர் தகுதிக்கான ‘நெட்’ தேர்வு எழுத முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். முழு எண்ணாக்குவது கிடையாது, 54.9 என்பது 55 ஆகாது. இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவைச் சேராதவர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 போதும். மற்றவர்கள் இரண்டாம் வகுப்பில் 51, 52 என்று தேறிவிட்டால் பட்டம் உண்டு, அந்தக் கதவு மட்டும் இல்லை. இருபது தாள், இரண்டாயிரம் மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், 50க்கும் 55க்கும் உள்ள தொலைவு நூறு மதிப்பெண். தாளுக்கு ஐந்தே மதிப்பெண். முதற்பருவத்தில் “தேறினால் போதும்” என்று விட்ட ஐந்தைந்தாகத்தான் அது போகிறது. தேறிய தாளை மீண்டும் எழுதி உயர்த்திக்கொள்ள எல்லாப் பல்கலைக்கழகமும் இடம் தருவதில்லை.

இதில் இன்னொரு சிக்கல். எனக்கு மூத்தவர் ஒருவர் 53 விழுக்காடு பெற்றிருந்தார். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், கையில் சாதிச் சான்றிதழும் இருந்தது. அது மாநில அரசின் சான்றிதழ். ‘நெட்’ மத்திய அமைப்பு நடத்துவது. அதற்கு மத்தியப் பட்டியலின்படியான ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்ற குறிப்புடன். (அந்த வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு எட்டு லட்சம், பெற்றோரின் மாதச் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.) அவர் இதை அறிந்தபோது விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. அடுத்த முறை சான்றிதழோடு எழுதினார். ஆறு மாதம் போயிற்று, அவ்வளவுதான் என்று அவர் சொல்வார். அந்த ஆறு மாதமும் அவர் ஒரு கட்டிங் பிரிவில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். முதுகலை இறுதியாண்டிலேயே ‘நெட்’ எழுதலாம், தேர்வு முடிவு வந்த இரண்டாண்டுக்குள் உரிய விழுக்காட்டுடன் பட்டம் முடித்தால் போதும் என்பதையும் அவர் பிறகுதான் தெரிந்துகொண்டார்.

பள்ளியில் கணிப்பொறி கற்பிக்க விரும்புவோருக்கு முதுகலையோடு பி.எட். பட்டமும் வேண்டும். 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கணிப்பொறிப் பயிற்றுநர் இடங்களுக்குத் தேர்வு நடத்தியபோது, முதுகலை மட்டும் வைத்திருந்தவர்கள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். தனியார் மென்பொருள் நிறுவனங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பத்தாம் வகுப்பு முதல் 60 விழுக்காடு, நிலுவைத் தாள் இல்லாமை என்று பெரும்பாலானவை கேட்கின்றன, பிறகு நிரல் எழுதச் சொல்கின்றன.

பட்டத்தின் பெயரும் ஒரு விஷயம். கணிப்பொறித் துறையில் புதிய புதிய பெயரில் பட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெயர் நவீனமாக இருப்பது நல்லதுதான். ஆனால் அரசு வேலைக்கான அறிவிக்கையில் “எம்.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்” என்றிருந்தால், வேறு பெயருள்ள பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும், அதுவும் அறிவிக்கையின் தேதிக்கு முன்பே வெளிவந்திருக்க வேண்டும். பாடங்கள் அத்தனையும் ஒன்றாக இருந்தாலும் இதுவே நிலை. சேரும் முன் இதைக் கேட்டுத் தெளிவது நன்று.

வரிசை மாறிய பட்டம்

நம் தோல் பகுதிக்கென்றே உள்ள ஒரு கண்ணி இருக்கிறது. இங்கே தோல் வணிகர்களின் கொடையால் எழுந்த பழைய கல்லூரிகள் உண்டு. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919லிருந்து இருக்கிறது, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969லிருந்து இருக்கிறது. கல்லூரி பக்கத்திலேயே இருந்தும், பத்தாம் வகுப்போடு கம்பெனிக்குப் போய்விடும் பிள்ளைகள் ஏராளம். ஏழெட்டு ஆண்டு கழித்து அவர்களுள் சிலருக்குப் படிப்பின் மேல் ஆசை திரும்பும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் மேல்நிலைத் தேர்வு இல்லாமலே, ஓர் ஆயத்தப் படிப்பை முடித்து நேரே பட்டப்படிப்பில் சேர வழி இருப்பதை அறிந்து மகிழ்வார்கள். பட்டம் வரும், அதன்மேல் முதுகலையும் வரும்.

ஆனால் தமிழக அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லாது. பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் ஏற்கப்படும் என்று 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் அரசாணை வெளிவந்தது. அதே ஆண்டு உச்சநீதிமன்றமும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்ந்த வழக்கில், முதற்பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லத்தக்கதன்று என்று தீர்ப்பளித்தது. பட்டம் வாங்கிய பின் மேல்நிலைத் தேர்வை எழுதி ஓட்டையை அடைக்கவும் முடியாது. வரிசை வரிசையாகவே இருக்க வேண்டும். இவ்விதி சரியா என்று வாதிடலாம். இருபத்தைந்து வயதில் உழைத்துக்கொண்டே படித்தவனின் அறிவு வரிசை மாறியதால் குறைந்துவிடுமா என்று நானும் கேட்பேன். ஆனால் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவரிடம் அந்த வாதம் எடுபடாது.

என் அத்தை மகன் ஒருவன் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறான். கம்பெனியில் தையல் எந்திரங்களைக் கணிப்பொறியோடு இணைத்த நாளிலிருந்து அவனுக்கு அதன்மேல் ஒரே பித்து. “மாமா பிள்ளை எம்.எஸ்ஸி. படிக்கிறான், நானும் எப்படியாவது எம்.சி.ஏ. வரை போவேன்” என்று சொல்லி, ஆயத்தப் படிப்புக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து என்னிடம் காட்ட வந்தான். பணம் கட்டவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. அந்தத் தாளை வாங்கி மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அவனுக்குக் கோபம் வந்தது. இன்னும் இரண்டு ஆண்டு தள்ளிப்போகிறதே என்றான். தள்ளித்தான் போகிறது, அவன் முடிக்கும்போது முப்பதைத் தொட்டிருப்பான்.

மறுவாரம் இருவருமாகப் போய் மேல்நிலை முதலாமாண்டுத் தேர்வுக்குத் தனித்தேர்வராக விண்ணப்பித்தோம். பாடத் தொகுதியில் கணிதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் மடக்கை நடக்கிறது. சந்தேகம் வரும்போது அப்பாவும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.